கோகோபீட்டில் தண்ணீரும் உரமும் ஒரே வேலை

மாடித்தோட்டம் போடத் தொடங்கிய பலரும் ஒரே கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடையில் கோகோபீட் கட்டி வாங்கினோம், ஊற வைத்தோம், பையில் நிரப்பித் தக்காளி நாற்று நட்டோம். இரண்டு வாரம் செடி நன்றாக இருந்தது. அப்புறம் அடி இலைகள் மஞ்சளாகின, வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் தினமும் விட்டோம், என்ன குறை என்றே தெரியவில்லை.

மண்ணில் செடி வளர்த்துப் பழகிய கை கோகோபீட்டிலும் அதே பழக்கத்தில் போவதால் வருகிற குறை இது. மண்ணில் தண்ணீர் விடுவது ஒரு வேலை, உரம் வைப்பது வேறொரு வேலை. மாதத்துக்கு ஒரு தடவை உரம் வைத்தால்கூட நடுவில் மண் சமாளித்துக்கொள்ளும். கோகோபீட்டில் அந்த இரண்டும் ஒரே வேலை. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் எப்போது தண்ணீர் விடுவது, எவ்வளவு உரம் கரைப்பது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரிக்கும்போது நாருக்கு நடுவே பஞ்சுபோல் அடைந்திருந்த பழுப்புத் தூள் உதிரும். அதுதான் கோகோபீட். தென்னை நார்க்கழிவு என்றும் நார்த்தூள் என்றும் சொல்வோம். இலங்கையில் நாருக்குத் தும்பு என்று பெயர், அதனால் அங்கே அது தும்புத்தூள். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளை ஒட்டி இந்தத் தூள் மலை மலையாகக் குவிந்து கிடந்த காலம் உண்டு. கொண்டுபோவாரில்லாமல் எரித்தும் இருக்கிறார்கள். இன்றைக்கு அதே தூளைக் கழுவி, காயவைத்து, அழுத்திக் கட்டியாக்கி, கண்ணாடிக் கூடங்களில் தக்காளியும் மிளகாயும் வளர்க்கும் வெளிநாடுகளுக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள்.

கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'தென்னை நார்க் கம்போஸ்ட்' என்று விற்பது வேறு பொருள். நார்க்கழிவில் கரிமச்சத்து மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. இரண்டுக்கும் உள்ள விகிதம் 112:1 என்ற அளவில் இருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து அடுக்கி மட்க வைத்தால் அது 24:1 வரை இறங்குகிறது. அப்படி மட்கிய கம்போஸ்ட் நிலத்துக்குப் போடும் எரு. இந்தக் கட்டுரையில் பேசப்போவது மட்க வைக்காத தூளை, வேர் பிடித்து நிற்கும் ஊடகமாகப் பயன்படுத்துவது பற்றி.

உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை

ஒரு பிடி ஈரக் கோகோபீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தன் எடையைப் போல ஐந்தாறு மடங்கு தண்ணீரை அது தாங்கும். அவ்வளவு தண்ணீர் குடித்த பிறகும் துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்று மிச்சமிருக்கும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். களிமண்ணில் தண்ணீர் நிறைந்தால் காற்று போய்விடும், வேர் மூச்சுத் திணறும். கோகோபீட் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதால்தான் அதில் வேர் அவ்வளவு வேகமாக ஓடுகிறது. மூன்று வாரத்தில் பைக்குள் வெள்ளை வேர் வலைபோல் பின்னிக்கிடப்பதைப் பார்த்தால் தெரியும்.

ஆனால் அதில் சாப்பாடு கிடையாது. மண்ணில் களி இருக்கிறது, மட்கு இருக்கிறது, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து சத்தைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். கோகோபீட்டில் பொட்டாசியம் மட்டும் ஓரளவு உண்டு. மற்றபடி செடி வாழும் அளவுக்குத் தழைச்சத்தோ, மணிச்சத்தோ (பாஸ்பரஸ்), சுண்ணாம்புச்சத்தோ (கால்சியம்) இல்லை. நட்ட இரண்டு வாரம் செடி நன்றாக இருந்ததற்குக் காரணம், நாற்று வரும்போதே தன்னுள் கொண்டுவந்த சத்து. அது தீர்ந்ததும் அடி இலையிலிருந்து எடுத்து மேல் இலைக்குக் கொடுக்கிறது. அதனால்தான் மஞ்சள் அடியில் தொடங்குகிறது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. கோகோபீட் வெறும் பஞ்சு மாதிரி சும்மா இருக்காது. அதன் துகள்களின் மேற்பரப்பில் உப்புகள் ஒட்டி உட்காரும் இடங்கள் ஏராளம். தென்னை கடலோரத்திலும் உப்பு நிலத்திலும் நிறைய வளர்கிறது. மட்டையை உப்பங்கழித் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அதனால் தூள் நம் கைக்கு வரும்போதே அந்த இடங்களில் சோடியமும் பொட்டாசியமும் உட்கார்ந்திருக்கும். நாம் கால்சியம், மெக்னீசியம் கலந்த தண்ணீர் விட்டால், துகள் கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தண்ணீருக்குள் இறக்கிவிடும். செடிக்கென்று போட்ட கால்சியத்தை ஊடகம் எடுத்துக்கொள்கிறது, செடிக்கு வேண்டாத சோடியம் வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்துப்போவதும் இளம் இலை சுருங்கிக் கோணிப்போவதும் கோகோபீட்டில் இவ்வளவு அடிக்கடி வருவதற்கு இது பெரிய காரணம்.

கட்டியைத் தயார் செய்வது

நான் முதல்முறை வாங்கிய கட்டியை ஊற வைத்து அப்படியே பையில் போட்டேன். நட்ட நாலாம் நாள் கத்தரி நாற்றின் இலை விளிம்பெல்லாம் கருகிவிட்டது. வெயில் என்று நினைத்து நிழலில் வைத்தேன், பயனில்லை. பிறகுதான் பையின் அடியில் வடிந்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன். தண்ணீரில் கரைந்த உப்பு பத்து லட்சத்தில் எத்தனை பங்கு (பிபிஎம்) என்று காட்டும் கருவி அது. 2,600 காட்டியது. அந்தச் செடிகள் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் கழுவாமல் ஒரு கைப்பிடி கோகோபீட்கூட நான் பைக்குள் போட்டதில்லை.

செய்முறையைச் சொல்கிறேன். 5 கிலோ கட்டி ஒன்று, 100 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. கட்டியைத் தொட்டியில் வைத்து முதலில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் சீக்கிரம் குடிக்கும். ஐந்து நிமிடத்தில் ஓரங்கள் உப்பும், பக்கவாட்டில் வெடிப்பு விட்டு ஏடு ஏடாகப் பிரியும். பச்சை மட்டையை உரிக்கும்போது வருமே, அந்த வாசனை வரும். அரைமணி நேரத்தில் கட்டி இருந்த இடம் தெரியாமல் தொட்டியில் முக்கால் பங்கு நிறைந்துவிடும். உதிர்த்துவிட்டால் ஏறக்குறைய 70 லிட்டர் தூள். 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பைக்கு 20 லிட்டர் சொச்சம் பிடிக்கும், ஆக ஒரு கட்டிக்கு மூன்று பை.

இதைக் கொசுவலைத் துணி விரித்த கூடையில் அள்ளிப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். முதலில் வடிவது கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை வையுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரின் அளவு 620. அண்மையில் கழுவிய கட்டியில் முதல் வடிநீர் 2,300, இரண்டாவது 1,350, மூன்றாவது 900, நாலாவது 740. ஊற்றும் தண்ணீர் மீட்டரில் காட்டும் எண்ணைவிட வடிநீரின் எண் 100, 150 மட்டும் கூடுதல் என்ற நிலைக்கு இறங்கும்வரை கழுவினால் போதும். நிறம் முழுக்கப் போகவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பழுப்பு மட்டையில் உள்ள கறை, உப்பின் அளவை அது காட்டாது. கழுவிய தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்கோ கிணற்றடிக்கோ விடாதீர்கள். தென்னை மரம் இருந்தால் அதன் பாத்தியில் விடலாம். அந்த உப்பைத் தென்னை தாங்கும், பொட்டாசியத்தையும் எடுத்துக்கொள்ளும்.

கழுவுவதால் போவது தண்ணீரில் கரைந்து மிதக்கும் உப்பு மட்டும்தான். துகளில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் சோடியம் வெறும் தண்ணீருக்கு எழுந்திருக்காது. அதை எழுப்பக் கால்சியம் வேண்டும். 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கழுவிய தூளில் ஊற்றிக் கிளறி, ஓர் இரவு முழுக்க ஊறவிடுகிறேன். காலையில் வடித்து, ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசினால் பைக்குப் போகத் தயார். கால்சியம் நைட்ரேட்டுக்குப் பதிலாக வீட்டுச் சுண்ணாம்பைக் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது கார அமிலத்தன்மையை (pH) ஏற்றிவிடும், அதன்பின் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல் போகும்.

'லோ ஈசி', 'வாஷ்டு' என்று அச்சிட்ட கட்டிகளும் கிடைக்கின்றன. ஈசி என்பது மின்கடத்துதிறன், கரைந்த உப்பைச் சொல்லும் இன்னொரு அளவு. விலை சற்று அதிகம். ஈசி 0.5-க்குக் கீழே என்று போட்டிருந்தால் கழுவும் வேலை பெரும்பாலும் மிச்சம். ஆனாலும் ஒரு டம்ளர் வடிநீரைச் சோதித்துவிடுங்கள், கால்சியம் ஊறலையும் விட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு

கோகோபீட்டின் மேற்பரப்பு ஏமாற்றும். மேலே ஓர் அங்குலம் வெளிறிக் காய்ந்து கிடக்கும், விரலை இரண்டு அங்குலம் விட்டால் சொதசொதவென்று இருக்கும். அதனால் நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள். பையைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் விட்டு, வடிந்து முடிந்ததும் ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தொங்கு தராசு வைத்திருக்கிறேன், பயணப் பெட்டி எடை பார்ப்பதற்கு விற்பார்களே, அதுதான். வடிந்து முடித்த பை 11 கிலோ. காய் பிடித்த தக்காளி நிற்கும் அதே பை ஏப்ரல் மாதம் மாலை ஐந்து மணிக்கு 9 கிலோ. ஆக அந்தச் செடி ஒரு பகலில் 2 லிட்டர் குடித்திருக்கிறது. பத்து நாள் இப்படி எடை பார்த்தால் அப்புறம் தராசு வேண்டாம், பையின் ஓரத்தைச் சற்று நிமிர்த்தினாலே கை சொல்லிவிடும்.

மண் தொட்டிக்குச் சொல்வார்கள், நன்றாகக் காயவிட்டுத் தண்ணீர் விடு என்று. கோகோபீட்டுக்கு அந்தப் பாடம் பொருந்தாது. அதில் உள்ள தண்ணீர்தான் சத்து கரைந்த தண்ணீரும். வெயிலில் செடி தண்ணீரை வேகமாக இழுக்கும், உப்பை அந்த வேகத்தில் இழுக்காது. 1,000 அளவில் நீங்கள் விட்ட கரைசலில் பாதித் தண்ணீர் போய்விட்டால் மீதி 2,000-ஐ நெருங்கும். ரசத்தை அடுப்பில் வைத்து மறந்தால் உப்புக் கரிக்கிற மாதிரி. வேர் அந்த உப்பிலிருந்து தண்ணீரை எடுக்க முடியாமல், ஈரம் இருக்கும்போதே செடி வாடும். ஆகையால் பை தாங்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குறைவதற்குள் அடுத்த தண்ணீர் விட்டுவிடுவது நல்லது.

நட்ட புதிதில் பெரிய பையில் சின்ன நாற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அந்தக் கட்டத்தில் அதிகம் விட்டால் மேலே பச்சைப் பாசி படரும், கறுப்புக் கொசு மாதிரி சின்னப் பூச்சிகள் வந்து முட்டையிடும். செடி முழங்கால் உயரம் வந்ததும் தினம் ஒருமுறை. காய்ப்பில் இருக்கும்போது கோடையில் காலை ஏழு மணிக்கு ஒன்று, பிற்பகலில் ஒன்று. கத்திரி வெயில் நாட்களில் மூன்றுகூட ஆகும். சொட்டு நீர்க் குழாயும் டைமரும் வைக்க முடிந்தவர்கள் இதே அளவை நாலைந்தாகப் பிரித்துவிட்டால் செடி இன்னும் நன்றாக இருக்கும். ஒரே தடவை ஊற்றும் நிறையத் தண்ணீரைவிடப் பல தடவை விடும் கொஞ்சத் தண்ணீரே கோகோபீட்டுக்கு ஏற்றது.

தினமும் தண்ணீர் விடும் கட்டம் வந்ததும், ஒவ்வொரு நாளும் ஒருமுறையாவது அடியில் கொஞ்சம் வடிய வேண்டும். 1 லிட்டர் ஊற்றினால் 100 முதல் 200 மில்லி வரை வெளியே வரட்டும். தங்கிய உப்பை அது தள்ளிக்கொண்டு வந்துவிடும். வாரம் ஒருநாள் அந்த வடிநீரைப் பிடித்து மீட்டர் வையுங்கள். இதுதான் கோகோபீட் வளர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து நிமிடம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத வேர்ப்பகுதி பேசுவது அப்போதுதான். மீட்டரில் 1,000 காட்டும் கரைசலை ஊற்றி, வடிநீர் 1,100, 1,200 காட்டினால் சரியாகப் போகிறது. 1,700, 1,800 காட்டினால் உள்ளே உப்பு தேங்கிவிட்டது. கால் பங்கு பலமுள்ள கரைசலைப் பையின் கொள்ளளவுக்குச் சமமாகவாவது ஊற்றி அலசிவிடுங்கள். வடிவது ஊற்றியதைவிடக் குறைவான அளவு காட்டினால் செடி பசியோடு இருக்கிறது, கரைசலைச் சற்றுக் கூட்டலாம்.

வடிந்த தண்ணீர் தட்டில் தேங்கி, பை மறுபடி அதையே உறிஞ்சக் கூடாது. இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் பையை வையுங்கள்.

உரக் கரைசல்

கடைக்குப் போய் 'தண்ணீரில் கரையும் உரம்' என்று கேட்டால் 19:19:19 தருவார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் அதில் எத்தனை சதவீதம் என்பதை அந்த எண்கள் வரிசையாகச் சொல்கின்றன. மண்ணுக்கு நல்ல உரம்தான். தனிக் கோகோபீட்டுக்கு அதை மட்டும் நம்பினால் இரண்டு சிக்கல் வரும். முதலாவது, அதில் கால்சியமும் மெக்னீசியமும் கிடையாது. மண்ணில் அவை ஏற்கெனவே இருப்பதால் குறை தெரிவதில்லை, இங்கே உடனே தெரியும். இரண்டாவது, அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கும். யூரியாவை நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுத்தால்தான் செடிக்கு முழுப் பயன். புதுக் கோகோபீட்டில் அந்த நுண்ணுயிர்கள் குறைவு. அதோடு யூரியா கரைந்தாலும் மீட்டரில் தெரியாது. எண் குறைவாக இருக்கிறதே என்று நீங்கள் மேலும் மேலும் போட வாய்ப்பு உண்டு.

நான் தக்காளிக்கும் மிளகாய்க்கும் கரைப்பது இதுதான். 10 லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 8 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 4 கிராம், 0:52:34 என்று விற்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 2 கிராம், மெக்னீசியம் சல்பேட் 4 கிராம், இலையில் தெளிப்பதற்கென்று விற்கும் நுண்ணூட்டக் கலவை ஒரு சிட்டிகை. எல்லாமே உரக்கடையில் தனித்தனியாகக் கிடைக்கும். நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும், கரண்டி அளவு சரிப்படாது. உப்பில்லாத தண்ணீரில் இது சுமார் 2 ஈசி வரும். நம் ஊரில் விற்கும் டிடிஎஸ் மீட்டர்களில் பெரும்பாலும் 1 ஈசி என்பது 500 என்று காட்டும், அந்தக் கணக்கில் 1,000. சில மீட்டர்கள் 700 என்று கணக்கிடும். உங்கள் மீட்டரின் தாளில் எந்தக் கணக்கு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மற்றவர் சொல்லும் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகாது.

கரைக்கும் வரிசை முக்கியம். வாளியில் முழுத் தண்ணீரையும் முதலில் நிரப்பிவிட்டு, கால்சியம் நைட்ரேட்டைத் தனி டம்ளரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். மற்றவற்றை இன்னொரு டம்ளரில் கரைத்து அதற்கப்புறம் ஊற்றுங்கள். இரண்டு டம்ளரையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றினால் கண்ணெதிரே பால்போல் வெளுத்து அடியில் மாவாகப் படியும். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாக, பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாக மாறிவிடுகின்றன. படிந்தது படிந்ததுதான், செடிக்கு உதவாது. நிறையத் தண்ணீரில் நீர்த்துப்போன பின் சேர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

நாற்றுக்கு இந்தக் கரைசலில் பாதிப் பலம். செடி உயர்ந்து கிளைவிடும்போது முக்கால். பூவும் காயும் வந்த பின் முழுப் பலம். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் கடைசிவரை பாதி போதும். கோடையில் செடி வாடுகிறதே என்று உரத்தைக் கூட்டத் தோன்றும், செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. வெயில் ஏற ஏறச் செடி குடிக்கும் தண்ணீர் கூடும், ஆகவே கரைசலின் பலத்தைக் குறைத்துத் தடவையைக் கூட்டுங்கள். மே மாதம் நான் 700, 750-க்கு மேல் போவதில்லை. ஒவ்வொரு தண்ணீரிலும் சத்து இருக்கட்டும். வாரத்தில் ஆறு நாள் வெறும் தண்ணீரும் ஏழாவது நாள் கெட்டிக் கரைசலும் விட்டால், ஆறு நாள் பட்டினி, ஒருநாள் திகட்டல் என்று செடி தடுமாறும்.

இனி தண்ணீர். தமிழ்நாட்டில் போர் தண்ணீரை நம்பி வளர்ப்பவர்களுக்கு உண்மையான தலைவலி இதுதான். தண்ணீரே 600, 800 என்று இருந்தால் அதன் மேல் உரம் சேர்க்க இடம் குறைவு. அதில் ஒரு பங்கு கால்சியம், மெக்னீசியம் என்பதால் கால்சியம் நைட்ரேட்டை ஓரளவு குறைக்கலாம். ஆனால் மீதி சோடியமாகவும் பைகார்பனேட்டாகவும் இருக்கும். சேமித்த மழைநீரைப் பாதிக்குப் பாதி கலப்பதுதான் எனக்குக் கைகொடுத்த வழி. மழைநீர் இல்லாத மாதங்களில் ஆர்ஓ தண்ணீரைக் கலக்கிறேன். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள், அதில் உப்பு செறிந்திருக்கும். உப்புப் போட்டு இயங்கும் மென்னீர்க் கருவி வீட்டில் இருந்தால் அதன் தண்ணீரும் ஆகாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும் கருவி, கோகோபீட்டிலிருந்து நாம் பாடுபட்டு வெளியேற்றிய அதே சோடியத்தை.

கார அமிலத்தன்மை 5.8 முதல் 6.3-க்குள் இருந்தால் எல்லாச் சத்தும் வேருக்குக் கிடைக்கும். போர் தண்ணீரின் பைகார்பனேட் அதை 7-க்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். உரத்தையெல்லாம் கரைத்து முடித்த பின் அளந்து பார்த்து, பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், அமிலத்தைத் தண்ணீரில் விடவேண்டும், தண்ணீரை அமிலத்தில் விடக்கூடாது. சமையலறையில் இருக்கும் எலுமிச்சை உப்பும் இறக்கும். ஓரிரு நாளில் எண் மறுபடி ஏறிவிடும் என்பதால் அன்றன்று கரைத்து அன்றன்றே ஊற்றுபவர்களுக்கு மட்டும் அது சரி.

செடி என்ன காட்டுகிறது

அடி இலை முழுக்க மஞ்சளானால் தழைச்சத்துப் பசி. அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவெல்லாம் மஞ்சளானால் மெக்னீசியம். அதே கோலம் உச்சி இலையில் வந்தால் இரும்பு, பெரும்பாலும் கார அமிலத்தன்மை ஏறிப்போனதால் வருவது. அப்போது இரும்பைக் கூட்டுவதற்கு முன் அந்த எண்ணைச் சரிசெய்யுங்கள். இலை நுனியும் விளிம்பும் கருகினால் உப்புத் தேக்கம், வடிநீரைச் சோதியுங்கள்.

தக்காளியின் அடி கறுப்பது பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். காம்புக்கு எதிர்ப்பக்கம் முதலில் தண்ணீர் கோத்த மாதிரி ஒரு வட்டம் தெரியும், நாலைந்து நாளில் அது தோல்போலக் கறுத்து உள்வாங்கும். கால்சியம் காயின் கடைசி முனைவரை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கால்சியம் தண்ணீரோடு மட்டும்தான் செடிக்குள் ஏறும். கரைசலில் கால்சியம் இருந்தும், ஒருநாள் காயவிட்டு மறுநாள் ஊற்றினால் காய்க்கு அது கிடைக்காது. கறுத்த காய் மீளாது, பறித்துவிடுங்கள். தண்ணீரை ஒழுங்காக்கி, கால்சியம் நைட்ரேட்டை விடாமல் கொடுத்தால் அடுத்த கொத்துக் காய்கள் சுத்தமாக வரும்.

ரசாயன உப்பு வேண்டாம் என்பவர்களுக்கு

மண்புழு உரமும் பஞ்சகவ்யமும் மட்டும் போட்டு வளர்க்க வேண்டும் என்பவர்கள் தனிக் கோகோபீட்டில் வளர்க்க வேண்டாம் என்பேன். அந்த உரங்களிலுள்ள சத்தை உடைத்துத் தர உயிருள்ள ஊடகம் தேவை. ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது நன்றாக மட்கிய தொழுவுரம், ஒரு பங்கு கழுவிய கோகோபீட் என்று கலந்துகொள்ளுங்கள். பை கனக்கும், மாடியின் தாங்குதிறனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கலவை மண்ணைப்போல் நடந்துகொள்ளும், ஒருநாள் மறந்தாலும் செடியைக் காப்பாற்றும். தண்ணீரும் குறைவாகவே கேட்கும். மேலே சொன்ன எண்களையும் வடிநீர்க் கணக்கையும் அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஒரு பருவம் முடிந்ததும் கோகோபீட்டைத் தூக்கி எறியவேண்டாம். செடியை அடியோடு வெட்டிவிட்டு, பையைக் கவிழ்த்து, தடித்த வேர்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டு முறை அலசி, மறுபடி கால்சியம் நைட்ரேட்டில் ஓர் இரவு ஊறவைத்தால் அடுத்த நடவுக்கு ஆகும். வேரழுகல் வந்த பையை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். நான் மூன்று பருவம்வரை பயன்படுத்துகிறேன். அதற்குள் துகள் நொறுங்கி மாவாகிவிடும், பிடித்துப் பிழிந்தால் சேறுபோல் விரலிடுக்கில் வழியும், காற்றுக்கு இடமிருக்காது. அந்த நிலைக்கு வந்ததை வாழைக்கும் முருங்கைக்கும் அடியில் மூடாக்காகக் கொட்டிவிட்டுப் புதுக்கட்டி ஒன்றை ஊறப்போடுகிறேன்.